யானையைக் கட்டித் தீனி போட்ட கதை



சென்ற மாதக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நண்பர் ஒருவர், "அண்ணாச்சி, இன்னிக்கு வண்டியில வந்தீங்களா, வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் நம்மைத் தெரிந்தவர்களுக்கு நம் பலசரக்கு மண்டியைத் தெரியும். மண்டியை விட நம் பழைய பெரிய வண்டியை அதிகம் தெரியும். "அதைப் பற்றியே எழுதுங்களேன்" என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதுகிறோம். இது வண்டிக் கதை போலத் தோன்றினாலும் கடைசியில் கணக்குக் கதைதான். ஆகவே நம் பத்திரிகையில் இடம்பெறத் தகுதி உண்டு என்று நினைக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்டி எந்தக் கம்பெனியுடையது என்று இங்கே எழுதப்போவதில்லை. 20 வருடம் ஓடித் தேய்ந்த வண்டியின் குறையைச் சொல்லி, செய்தவன் பெயரைக் கெடுப்பது வியாபார தர்மம் அல்ல. 4 சக்கரமும் இழுக்கும் டீசல் வண்டி, வெளிநாட்டுப் பெயர், நம் நாட்டிலேயே பூட்டி விற்கப்பட்டது என்பது மட்டும் போதும்.

ஆசை வந்த வழி

நாம் சிறுவனாக இருந்தபோது நெல்லைச் சீமையில் எங்கள் ஊருக்கு வருடத்தில் ஓரிரு முறை அரசாங்க ஜீப் வரும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பை 1940களின் இறுதியிலேயே மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்த வம்சத்து ஜீப்தான். வாய்க்கால் வரப்பெல்லாம் அது ஏறி இறங்குவதைப் பார்க்கவே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடுவோம். வாத்தியாரிடம் அடியும் வாங்கியிருக்கிறோம்.

இங்கிலாந்திலும் இந்தக் கதை இப்படித்தான் தொடங்கியது. லேண்ட் ரோவர் 1948ல் விவசாயிகளுக்கான வண்டியாகத்தான் வந்தது. 1970ல் அதே வீட்டாரின் ரேஞ்ச் ரோவர் வந்தபோதுகூட, சேற்றுக் காலோடு ஏறிவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவும்படிதான் தரை இருந்தது. பிறகுதான் தோல் இருக்கை, மரப்பலகை, குளிர்சாதனம் என்று சேர்ந்து, வரப்பில் ஓடிய வண்டி பணக்காரர் வாசலில் நின்றது. நம் நாட்டில் டாடா சியரா 1991லும் சஃபாரி 1998லும் வந்தன. மிட்சுபிஷி பஜேரோவை நம் திருவள்ளூரிலேயே பூட்டினார்கள். நமக்கு அருகில் மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையார் 2003 முதல் என்டெவர் செய்தார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் இவை நம்மைக் கடந்து போகும்போது நாம் மெட்டாடோர் வேனில் புளி மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருப்போம். (நம் பகுதிக்காரருக்கு ஜி.எஸ்.டி. என்றால் முதலில் சாலை. வரி பிறகு வந்தது.)

2011ல் நமக்கு 50 வயது. மகளுக்குத் திருமணம் முடிந்து, மண்டிக் கடனும் ஒருவாறு அடைந்திருந்த நேரம். குரோம்பேட்டைப் பக்கம் தோல் ஏற்றுமதி செய்த ஒருவர் 2005 நவம்பரில் பதிவான தம் வண்டியை விற்பதாகத் தரகர் சொன்னார். 88 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. புது வண்டி வாங்க நமக்கு வக்கு இல்லை. இது 7 லட்சம். ஏறி உட்கார்ந்தோம். முன்னால் போகும் ஆட்டோவின் கூரை தெரிந்தது. அவ்வளவுதான், பேரம்கூட ஒழுங்காகப் பேசவில்லை. 40 வருடம் மிளகாய்க்கும் மல்லிக்கும் கிலோவுக்கு 25 காசு பேசிக் குறைத்தவன், அன்று ஏமாளியாகக் கையெழுத்துப் போட்டோம்.

கோபித்துக்கொள்ளும் வண்டி

முதல் மாதமே பரனூர் சுங்கச் சாவடியில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்க மறுத்தது. கதவைத் திறந்து இறங்கிப் பணம் கொடுத்தோம். பின்னால் நின்ற லாரிக்காரர் சொன்ன வார்த்தையை இங்கே அச்சிட முடியாது. அன்று தொடங்கியது.

ஒரு மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு நம் பகுதி வியாபாரிகள் 5 பேரை ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டோம். அச்சிறுபாக்கம் தாண்டியதும் 'பட்' என்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. வண்டி ஓடுகிறது, இழுவை இல்லை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. சாலையோர ஒர்க்‌ஷாப் பையன் துணியும் கம்பியும் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். 10 கிலோமீட்டரில் மறுபடி வெடித்தது. கடைசியில் வெங்காய லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரியில் 6 வியாபாரிகளும் ஏறி மாநாட்டுப் பந்தலுக்குப் போய் இறங்கினோம். வரவேற்றவர்கள், "தாம்பரத்துக்காரங்க எளிமையா வந்திருக்காங்க" என்று மேடையிலேயே பாராட்டினார்கள்.

பல்லாவரத்தில் நமக்கு ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். இந்த மாதிரி வண்டிகளைப் பார்த்தே தலை நரைத்தவர். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "என்ன பாய், மாசத்துக்கு ஒரு தடவை கெட்டுப்போகுதே?" என்று கேட்டோம். அவர் நட்டை முறுக்கிக்கொண்டே, "கெட்டுப்போறதில்ல அண்ணாச்சி, அப்பப்ப கோவிச்சுக்குது. நீங்க வாரம் பூரா நிறுத்தி வச்சுட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்தா கோவிச்சுக்காதா?" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஓட்டித் தேய்வதை விட நிறுத்தித் தேய்வது அதிகம். பாட்டரி தானாக இறங்கும். டீசல் டாங்கில் ஈரம் சேரும். அந்தத் தண்ணீர் இன்ஜெக்டர் வரை போனால் ஆயிரங்களில் முடிய வேண்டியது லட்சத்தில் போய் நிற்கும். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை முறையாக வடித்துவிட்டாலே பாதித் தொல்லை இல்லை என்பதை 3 வருடம் கழித்துத்தான் கற்றோம். டயரும் அப்படித்தான். பட்டன் நிறைய இருக்கிறதே என்று நினைப்போம். ரப்பர் வெயிலில் வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் 2 அது செய்யப்பட்ட வாரம், அடுத்த 2 ஆண்டு. பருப்பு மூட்டையில் தேதி பார்க்கும் நாம் டயரில் தேதி பார்ப்பதில்லை.

இன்னொன்று. நம்முடையது போன்ற வண்டியில் 4 சக்கர இழுவையை வேண்டும்போது மட்டும் கோர்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த தார்ச் சாலையில் அதைப் போட்டு ஓட்டினால், திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்க, நடுவில் உள்ள பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இது தெரியாமல் "எதுக்கு இருக்கு, போட்டுத்தான் பார்ப்போமே" என்று வேளச்சேரி சாலையில் போட்டு ஓட்டியதற்கு 32 ஆயிரம் ரூபாய் கொடுத்தோம்.

உதிரிபாகம் என்னும் தவம்

அம்பாசிடர் காலத்தில் இந்தக் கவலை கிடையாது. 2014ல் உத்தரபாரா ஆலை நின்ற பிறகும் அதற்குச் சாமான் கிடைத்தது. ஏனென்றால் தெருவுக்குத் தெரு அதைத் தெரிந்தவர் இருந்தார்கள், எண்ணிக்கையும் அதிகம். குறைவாக விற்ற விலையுயர்ந்த வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நமக்கு ஒரு சென்சார் தேவைப்பட்டால் முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்க வேண்டும். இல்லையென்றால் புதுப்பேட்டை. அங்கே பிரித்துப்போட்ட வண்டிகளின் நடுவே நின்று, நம் வண்டியின் உடன்பிறப்பு ஒன்று எங்கேயாவது செத்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். ஒரு முறை இன்ஜெக்டர் பம்புக்காக 23 நாள் வண்டி பாயின் கொட்டகையில் நின்றது. கிடைத்த பழைய பம்ப் 41 ஆயிரம். கியாரண்டி, கடை வாசல்படி வரைக்கும்.

நம் தொழிலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே கம்பெனி சரக்கை நம்பிக் கடை வைத்தவர், அந்தக் கம்பெனி கையை விரித்தால் என்ன ஆவார்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017ன் இறுதியோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. மறைமலை நகரில் மகிந்திராவோடு கூட்டாக 1995ல் வந்த ஃபோர்டு, 2021 செப்டம்பர் 9 அன்று இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் அங்கே கடைசிக் கார் வெளிவந்தது. நம் வண்டி அந்த ஆலையில் பிறந்ததல்ல என்றாலும் அந்தச் செய்தி நம் பகுதியையே உலுக்கியது. ஆலையில் வேலை பார்த்தவர்கள் சிங்கப்பெருமாள் கோவில் முதல் தாம்பரம் வரை நம் கடைகளின் மாதக் கணக்கு வாடிக்கையாளர்கள். சர்வீசும் சாமானும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் என்டெவர் வைத்திருந்தவர்கள் முகத்தில் அன்று ஈ ஆடவில்லை. பிறகு 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக அவர்களே அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். 2008ல் அதே ஃபோர்டு விற்ற ஜாகுவார் லேண்ட் ரோவரைத்தான் டாடா வாங்கினார்கள். அவர்களுடைய புதிய ஆலைக்கு 2024 செப்டம்பரில் நம் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய கம்பெனிகள் வரும், போகும், மறுபடி வரும். இடையில் வாங்கியவன்தான் சாமானுக்கு அலைவான்.

2015 டிசம்பர்

இவ்வளவு செலவு வைத்த வண்டியை ஏன் அப்போதே தள்ளிவிடவில்லை என்று கேட்பீர்கள். அதற்கான பதில் 2015 டிசம்பர் 2ஆம் தேதி.

முதல் நாள் பெய்த மழை நம் பகுதிக்காரர் யாருக்கும் மறக்காது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் ஏரியாகிவிட்டது. நம் மண்டியின் மூத்த சுமைதூக்கும் தொழிலாளி வரதராஜபுரத்தில் குடியிருந்தார். நம்மிடம் 30 வருடமாக இருப்பவர். விடியற்காலை அவர் போன் வந்தது. "முதலாளி, கட்டிலுக்கு மேல தண்ணி வந்திருச்சு. அம்மாவால மாடி ஏற முடியல." அதோடு போன் நின்றுவிட்டது.

வண்டி முந்தின வாரம்தான் தகராறு செய்திருந்தது. சாவியைத் திருப்பும்போது கை நடுங்கியது. ஒரே திருப்பில் எடுத்தது.

முடிச்சூர் சாலையில் கார்களெல்லாம் மூழ்கிக் கிடந்தன. 4 சக்கரத்தையும் கோர்த்து, மெதுகதிப் பல்லில் போட்டு, முதல் கியரிலேயே காலை எடுக்காமல் போனோம். இப்படிப் போகும்போது வேகமும் கூடாது, நிற்கவும் கூடாது. முன்னால் எழும் அலைக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டாகும். அதை விடாமல் பிடித்துக்கொண்டே போக வேண்டும். பம்பர் வரை தண்ணீர் இருந்த இடம் வரைதான் போனோம். அதற்கு மேல் காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சின் உடைந்துவிடும். மீதித் தூரம் மகனும் இரண்டு பையன்களும் கயிறு பிடித்து நடந்து போய் அந்த அம்மாளை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

அன்று 7 நடை. பெரியவர்கள், குழந்தைகள், ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. திரும்பும் நடைகளில் நம் மண்டியிலிருந்தும் பக்கத்துக் கடைகளிலிருந்தும் பால் பவுடர், ரொட்டி, மெழுகுவர்த்தி, அரிசி. பெயர் கேட்காமல், சிட்டை போடாமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரர்கள் பலர் இன்றும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆழமான இடங்களில் மீனவர் படகுகளும் மீட்புப் படையினரும்தான் உயிர்களைக் காத்தார்கள். நாம் செய்தது கரையோர வேலை. ஆனாலும் அன்று மாலை வரை வண்டி ஒரு முறைகூட நிற்கவில்லை.

மறுநாள்தான் அதன் கணக்கைக் கேட்டது. கியர் பெட்டியில் எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தது. சக்கர பேரிங்குகள், தரை விரிப்பு, கணினிப் பெட்டியின் இணைப்புகள் என்று 1 லட்சத்து 18 ஆயிரம் ரூபாய். இன்சூரன்சில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் உண்டாகும் சேதம் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் அடங்காது. அதற்குத் தனியாக இணைப்பு எடுக்க வேண்டும். நீரில் நின்ற வண்டியை 'எடுக்கிறதா பார்ப்போம்' என்று சாவி போடுவது மிகத் தவறு. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும்.

பணத்தைச் சந்தோஷமாகவே கொடுத்தோம். அன்று முதல் வண்டியை விற்கும் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

2023 டிசம்பர்

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கணக்கில் வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைப்பது சரியல்ல.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். மறுபடி அதே முடிச்சூர், அதே வரதராஜபுரம். விடியற்காலை அதே வீட்டிலிருந்து போன். "வண்டி வருமா முதலாளி?" என்று கேட்டார். "இதோ வருது, அம்மாவைத் தயாரா வையுங்க" என்றோம்.

சாவியைத் திருப்பினோம். 'டக்' என்றது. மறுபடி 'டக்'. பாட்டரி மாற்றிப் பார்த்தோம். தள்ளிப் பார்த்தோம். ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துவிட்டிருந்தது. இரண்டு மாதமாகவே அது முனகிக்கொண்டிருந்ததை பாய் சொல்லியிருந்தார். "தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்று நாம்தான் தள்ளிப் போட்டோம். வீட்டில் நின்ற சின்னக் காரை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் ஒன்றும் செய்ய முடியாது.

நம் வார்த்தையை நம்பி அந்தக் குடும்பம் பக்கத்து வீட்டு மாடிக்கும் போகாமல் காத்திருந்திருக்கிறது. 80 வயது அம்மாளை மேசை மேல் உட்கார வைத்துக்கொண்டு 5 மணி நேரம். மதியத்துக்கு மேல் படகு வந்து ஏற்றிப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆண்டவன் புண்ணியம்.

இரண்டு நாள் கழித்து அவர் வேலைக்கு வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வண்டிதானே முதலாளி, என்ன பண்ணும்" என்றார். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். வியாபாரிக்கு முதலீடு என்பது பணமல்ல, வாக்கு. 'இன்ன தேதிக்குச் சரக்கு வரும்' என்று சொன்னால் வர வேண்டும். நாம் அன்று கொடுத்த வாக்கு, நம் கையில் இல்லாத சரக்கை விற்ற மாதிரி. 2015ல் ஒரு நாள் காப்பாற்றியது என்பதற்காக, வருடத்தில் பாதி நாள் படுத்துக் கிடக்கும் வண்டியை நம்பி 'வருது' என்று சொல்லியிருக்கக் கூடாது. பிரியம் வேறு, நம்பகம் வேறு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிவிட்டோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

2025 நவம்பரில் வண்டியின் பதிவுச் சான்று முடியும் நிலை. மகன் ஒரு மாலை பேரேட்டை எடுத்து வைத்தான். "அப்பா, கோவிச்சுக்காம கேளுங்க" என்று தொடங்கினான்.

வண்டிக்கென்று நாம் தனிப் பக்கம் வைத்திருந்தோம். வாங்கிய விலை 7 லட்சம். 14 வருடத்தில் ரிப்பேருக்கு மட்டும் 9 லட்சத்து 40 ஆயிரம். லிட்டருக்கு 8 அல்லது 9 கிலோமீட்டர். டீசலோ சென்னையில் 90 ரூபாய்க்கு மேல். கடைக் கணக்கில் இருந்த கார் என்பதால் வருமான வரிக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதி வந்தோம். மீந்த மதிப்பின் மேல் 15 என்று கழித்துக்கொண்டே வந்தால் 7 லட்சம் 14 வருடத்தில் சுமார் 72 ஆயிரமாகச் சுருங்கும். பழைய இரும்புக்காரர் கேட்ட விலையும் ஏறக்குறைய அதுவே. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நம் யானைக்கு இரண்டாவது பாதி பொருந்தவில்லை.

இங்கே வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளைத் தொகுத்துத் தருகிறோம்.

1. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். முழுவதுமாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால் கட்டணம் பல மடங்கு. இதோடு பசுமை வரியும் உண்டு.

2. டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் போட்ட உத்தரவையும் 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் பயப்படுகிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. நம் மாநிலத்தில் தகுதிச் சோதனையில் தேறினால் பதிவைப் புதுப்பிக்கலாம்.

3. அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் வண்டியைக் கொடுத்துச் சான்று பெற்றால், அடுத்து வாங்கும் சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது.

4. கடைப் பேரில் கார் வாங்கினால் அதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைச் சாதாரணமாக நாம் வரவு எடுக்க முடியாது. சரக்கு ஏற்றும் வண்டிக்கு எடுக்கலாம்.

5. தேய்மானம் எழுதிய பழைய காரைப் பதிவு பெற்ற வணிகர் விற்றால், விற்ற விலைக்கும் தேய்மானம் போக மீந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல்தான் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வித்தியாசம் இல்லையென்றால் வரியும் இல்லை. முழு விற்பனை விலைக்கும் வரி கட்டிவிட்டு விழிக்க வேண்டாம். ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு மகன், "இது வியாபாரத்துக்கு வாங்கின வண்டியாப்பா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க" என்றான்.

இல்லைதான். செங்குன்றத்து அரிசி ஆலைக்கும் கோயம்பேட்டுக்கும் அதில் போய் வந்தோம் என்பது உண்மை. ஆனால் பேருந்தில் போயிருந்தாலும் அதே அரிசிதான் கிடைத்திருக்கும். வாய்க்கால் வரப்பில் ஜீப்பைத் துரத்திக்கொண்டு ஓடிய பையனுக்காக வாங்கியது அது. அதை 14 வருடம் கடைச் செலவில் எழுதி, 'தொழில் அவசியம்' என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருந்தோம்.

எடுத்த முடிவு

விற்கவில்லை. உடைக்கவும் கொடுக்கவில்லை. ஆனால் முன்போல வைத்துக்கொள்ளவும் இல்லை.

முதலாவதாக, ஆடிட்டரிடம் கேட்டு, கடைக் கணக்கிலிருந்து எடுத்து நம் சொந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். இனி அதன் டீசலும் சாமானும் நம் கைக்காசு. மண்டிக்கு ஒரு சிறிய லோடு வண்டி வாங்கப்பட்டது. அது அழகில்லை, ஆனால் தினமும் காலை 5 மணிக்கு எடுக்கிறது.

இரண்டாவதாக, வருடத்துக்கு 60 ஆயிரம் ரூபாய்தான் ரிப்பேர் செலவு என்று வரம்பு கட்டினோம். அதைத் தாண்டினால் அந்த வருடம் வண்டி மூடி நிற்கும். தொடர்ந்து 2 வருடம் தாண்டினால் உடைப்பு மையம். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு மகனிடமே கொடுத்துவிட்டோம். பிரியப்பட்டவன் கையில் வரம்பு இருந்தால் அது வரம்பாக இருக்காது.

மூன்றாவதாக, அவசரத்துக்கு இந்த வண்டி வரும் என்று இனி யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அந்தத் தொழிலாளியின் குடும்பம் இப்போது முடிச்சூரிலேயே மேட்டுப் பகுதியில் மாடி வீட்டுக்குக் குடிமாறியிருக்கிறது. முன்பணத்தை மண்டி கொடுத்தது. சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரை நேரத்தில் மாற்றாததற்கு நாம் கட்டிய அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு புதுப்பிக்கும் சோதனைக்கு முன் பாய் 1 லட்சத்து 6 ஆயிரத்துக்கு வேலை பார்த்தார். அடிச்சட்டத்தில் துரு, பிரேக், 4 டயர், விளக்கு. வரம்புக்கு மேல் போன அந்த 46 ஆயிரத்தை, மகன் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த வருடக் கணக்கில் முன்கூட்டியே கழித்துக்கொண்டோம். ஆக இந்த வருடம் மீதி 14 ஆயிரம்தான். வண்டி பயந்துகொண்டு ஓடுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நம் போன்ற வியாபாரிகள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு யானை இருக்கும். சிலருக்கு வண்டி. சிலருக்கு வாடகை வராத ஒரு பழைய கட்டடம். சிலருக்கு, அப்பா காலத்தில் தொடங்கி இப்போது மாதம் 10 உருப்படிகூடப் போகாத ஒரு கிளைக் கடை. அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆயுசு முழுக்க லாபம் ஒன்றையே பார்த்தவன் ஒரு நஷ்டத்தைப் பிரியத்தோடு வைத்துக்கொண்டால் குடி முழுகிவிடாது. ஆனால் அதன் பெயரை முதலீடு என்று எழுதாதீர்கள். பிரியத்துக்கு ஆகும் செலவு என்று எழுதி, எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, நம் சொந்தப் பையிலிருந்து கொடுப்போம். நம்மை நம்பி இருப்பவர்களை அதன் முதுகில் ஏற்ற வேண்டாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாம் வண்டியில் வருவதாகத்தான் உத்தேசம். 10 நிமிடம் தாமதமானால் கூட்டத்தைத் தொடங்கிவிடவும். அரை மணி தாமதமானால் பெருங்களத்தூர் பக்கம் இரண்டு பேரை அனுப்பி வைக்கவும். தள்ளுவதற்கு.